‘பிரபுக்கள் அநேகரில்லை’: கொரிந்து சபையும் தேவனுடைய தெரிந்துகொள்ளுதலும்

“ஞானிகளை வெட்கப்படுத்தும்படி தேவன் உலகத்தில் பைத்தியமானவைகளைத் தெரிந்துகொண்டார்” என்ற 1 கொரிந்தியர் 1:27 வசனத்தை நம் சபைகளில் பெரும்பாலும் சாட்சி சொல்லும் வேளையில்தான் கேட்கிறோம். படிப்போ பின்புலமோ இல்லாத ஒருவரைக் கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தினார் என்று சொல்லும்போது அது இயல்பாகவே வாயில் வருகிறது. அதில் தவறும் இல்லை. ஆனால் பவுல் இந்த வார்த்தைகளை ஆறுதலுக்காக எழுதவில்லை. யார் பெரியவர் என்ற போட்டியில் பிளவுபட்டு நின்ற ஒரு சபையைக் கண்டித்து எழுதினார். அந்தச் சபை எத்தகைய பட்டணத்தில் இருந்தது, அந்தப் பட்டணம் மனிதரை எதைக் கொண்டு அளந்தது என்று அறிந்தால்தான், பவுல் கேட்ட தாழ்மை எவ்வளவு கடினமான காரியம் என்பது விளங்கும்.

பவுல் கண்ட கொரிந்து பழைய கிரேக்கக் கொரிந்து அல்ல. அதை கி.மு. 146-இல் ரோமத் தளபதி மும்மியஸ் அழித்துவிட்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சிதைந்து கிடந்த அந்த இடத்தில், கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் கட்டளையால் ரோமக் குடியேற்றம் ஒன்று எழுந்தது. அங்கே அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள் என்று புவியியல் அறிஞர் ஸ்திராபோ எழுதுகிறார். இத்தனை புகழ்பெற்ற நகரம், பலமுறை விலைபோன அடிமைகளின் கைக்குப் போயிற்றே என்று கிரினாகோரஸ் என்ற கிரேக்கக் கவிஞர் புலம்பிப் பாடினார். மேற்கே லெகாயோன், கிழக்கே கெங்கிரேயா என இரு துறைமுகங்கள், இரு கடல்களுக்கிடையே ஓயாத சரக்குப் போக்குவரத்து, இரண்டு ஆண்டுக்கொருமுறை நடந்த இஸ்த்மிய விளையாட்டு விழா ஆகியவற்றால் பணம் வேகமாகப் புரண்ட ஊர் அது. தலைமுறை தலைமுறையாக வந்த பெருங்குடிகள் அங்கே அதிகம் இல்லை. ஆகவே ஒருவன் தன் மதிப்பைத் தானே சம்பாதித்து, அதை ஊரறியச் செய்யவும் வேண்டியிருந்தது.

ஊரறியச் செய்வதற்கான வழி கல்லில் பெயர் பொறிப்பது. கொரிந்தின் சந்தைவெளியில் வட்டமாக எழுந்த சிறு மண்டபம் ஒன்றின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஞேயுஸ் பாபியுஸ் பிலினுஸ் என்பவர் இந்த நினைவுச் சின்னத்தைத் தம் சொந்தச் செலவில் எழுப்பினார் என்றும், நகரத்தின் தலைமை நீதிபதிகளில் ஒருவர் என்ற முறையில் அவரே அதற்கு ஒப்புதல் அளித்தார் என்றும் அது சொல்கிறது. கட்டியவரும் அவரே, ஏற்றுக்கொண்டவரும் அவரே. குடிமகனாகப் பிறந்த ரோமர் வழக்கமாகத் தம் தகப்பன் பெயரையும் சேர்த்துப் பொறிப்பார். இவர் பெயரோடு தகப்பன் பெயர் இல்லை. அதைக் கொண்டு இவர் விடுதலை பெற்ற அடிமையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ரோமில் அப்படிப்பட்டவருக்கு எட்டாத பதவி, சீசர் நிறுவிய குடியேற்றங்களில் எட்டும் தூரத்தில் இருந்தது. 1929-இல் நாடக அரங்கின் அருகே கண்டெடுக்கப்பட்ட இன்னொரு கல்வெட்டும் இதே குரலில்தான் பேசுகிறது: தமக்குக் கிடைத்த நகராட்சிப் பதவிக்கு ஈடாக எரஸ்து என்பவர் தம் சொந்தச் செலவில் தளம் பாவினார். ரோமர் 16:23-இல் பட்டணத்துப் பணப்பொறுப்பாளராக வரும் ஏரஸ்து இவர்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஊரின் பழக்கத்தை அறிய அந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை. தற்புகழ்ச்சி அங்கே குறையாக எண்ணப்படவில்லை. அது குடிமகனின் கடமையைப் போலவே நடந்தேறியது.

இந்த ஊரில் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார். அங்கே பவுல் யாருடைய நியாயாசனத்துக்கு முன் நிறுத்தப்பட்டாரோ அந்தக் கல்லியோன், கொரிந்து அடங்கிய அகாயா நாட்டின் அதிபதியாயிருந்த காலத்தை தெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்று ஏறத்தாழக் கி.பி. 51 என்று காட்டுவதால், அப்போஸ்தலருடைய நடபடிகள் 18-ஆம் அதிகாரத்துக்கு உறுதியான ஒரு காலக்குறிப்பு கிடைத்திருக்கிறது. பவுல் அங்கிருந்து போனபின், அலெக்சந்திரியாவைச் சேர்ந்த, சாதுரியமாய்ப் பேச வல்ல அப்பொல்லோ வந்தார். அக்காலத்துக் கிரேக்க நகரங்களில் சொற்பொழிவாளர்களுக்குப் பெரும் மவுசு இருந்தது. மாணவர்கள் தங்கள் ஆசானின் பெயரைச் சொல்லி மற்ற ஆசான்களின் மாணவர்களோடு மோதுவதும் சாதாரணமாக நடந்தது. அதே பழக்கம் சபைக்குள்ளும் நுழைந்தது. “நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன்” என்று விசுவாசிகள் அணிபிரிந்தனர். எபேசுவில் இருந்த பவுலுக்குக் குலோவேயாளின் வீட்டார் இந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்கள். யார் கையால் ஞானஸ்நானம் பெற்றோம் என்பதுகூடப் பெருமைக்குரிய விஷயமாகிவிட்ட நிலையில், கிறிஸ்பு, காயு, ஸ்தேவானுடைய வீட்டார் ஆகியோரைத் தவிர வேறொருவருக்கும் தாம் ஞானஸ்நானம் கொடுத்ததாக நினைவில்லை என்று நன்றியோடு எழுதுகிறார் பவுல். கி.பி. 54-55 அளவில் எழுதப்பட்ட அந்த நிருபத்தின் முதல் அதிகாரத்தில்தான் நம் வசனம் வருகிறது.

அங்கே அவர் செய்வது எளிய காரியம். கேட்டவர்களைத் தங்களையே பார்க்கச் சொல்கிறார். “மாம்சத்தின்படி ஞானிகள் அநேகரில்லை, வல்லவர்கள் அநேகரில்லை, பிரபுக்கள் அநேகரில்லை.” அநேகரில்லை என்றாரே தவிர, ஒருவருமில்லை என்று சொல்லவில்லை. கிறிஸ்பு ஜெபஆலயத் தலைவராயிருந்தவர். காயுவின் வீடு சபை முழுவதையும் உபசரிக்கப் போதுமானதாய் இருந்தது. மறுபக்கம், கொரிந்திலிருந்து எழுதப்பட்ட ரோமர் நிருபத்தின் கடைசியில் தெர்தியு, குவர்த்து என்ற இரு பெயர்கள் வருகின்றன. மூன்றாமவன், நான்காமவன் என்பது அவற்றின் பொருள். அடிமைகளிடையே வழங்கிய பெயர்கள் அவை. எண்ணிட்டு அழைக்கப்பட்ட ஒருவர், பவுல் சொல்லச் சொல்ல ரோமர் நிருபம் முழுவதையும் எழுதிவிட்டு, “இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான் கர்த்தருக்குள் உங்களை வாழ்த்துகிறேன்” என்று தம் வாழ்த்தையும் சேர்த்திருக்கிறார். புதிய ஏற்பாட்டில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் வரிகளில் இதுவும் ஒன்று.

சபையின் இந்த அமைப்பை எதிரிகள் கவனிக்காமலில்லை. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சுஸ் என்ற தத்துவவாதி, கம்பளி நூற்பவர்களும் செருப்புத் தைப்பவர்களும் வெளுப்பவர்களும் வீட்டு மூலைகளில் பிள்ளைகளையும் பெண்களையும் பிடித்துப் போதிக்கிற மதம் என்று கிறிஸ்தவத்தை இகழ்ந்தார். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் அவருக்கு மறுமொழி எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், இதே கொரிந்தியர் வசனத்தைச் சுட்டி, ஞானிகள் அநேகரில்லை என்பதற்கு ஒருவரும் இல்லை என்பது பொருளாகாது என்றார். ஆக, இந்த வசனம் அறியாமைக்கும் வறுமைக்கும் பாடப்பட்ட புகழ்ப்பா அல்ல. உயர்ந்தவர் சிலரும் தாழ்ந்தவர் பலரும் ஒரே அறையில் கூடிய சபைக்கு, இங்கே வந்து சேர யாருடைய தகுதியும் காரணமாயிருக்கவில்லை என்று அது நினைவுபடுத்துகிறது.

பவுல் இதைத் தாமே புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவுமில்லை. ஞானி தன் ஞானத்தைக் குறித்தும், பராக்கிரமன் தன் பராக்கிரமத்தைக் குறித்தும், ஐசுவரியவான் தன் ஐசுவரியத்தைக் குறித்தும் மேன்மைபாராட்ட வேண்டாம் என்ற எரேமியா 9-ஆம் அதிகாரத்தின் வாக்கு அவருடைய பேச்சின் அடியில் கிடக்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஏறக்குறைய இதே வாசகம் இன்னோரிடத்திலும் வருகிறது: பிள்ளையில்லாதவள் என்று நிந்திக்கப்பட்டு, பின்பு சாமுவேலைப் பெற்ற அன்னாளின் பாட்டில். எளியவனைக் குப்பையிலிருந்து உயர்த்துகிறார் என்று பாடியவள் அவள். மரியாளின் பாட்டுக்கும் அவள் பாட்டே முன்மாதிரி. இஸ்ரவேலைத் தெரிந்துகொண்டதன் காரணத்தையும் உபாகமம் 7-ஆம் அதிகாரம் இந்த வழியிலேயே சொல்கிறது: நீங்கள் எண்ணிக்கையில் திரளானவர்கள் என்பதால் அல்ல, நீங்கள்தான் எல்லா ஜனங்களிலும் கொஞ்சமாயிருந்தீர்கள், கர்த்தர் உங்களில் அன்புகூர்ந்தார், அவ்வளவே. மோசேயின் திக்குவாயும், மனாசேயில் எளிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளையான கிதியோனும், காட்டத்திப்பழம் பொறுக்கிய ஆமோசும் பிரசங்கங்களில் நமக்கு நன்கு பழக்கமானவர்கள்.

அதிகம் பேசப்படாதவர் சவுல். இந்த வரிசையில் முக்கியமாகப் பார்க்கப்பட வேண்டியவர் அவரே என்பது என் எண்ணம். இஸ்ரவேலின் கோத்திரங்களில் சிறிதான பென்யமீனிலும் எல்லாவற்றிலும் அற்பமான குடும்பம் என்னுடையது அல்லவா என்று சாமுவேலிடம் கேட்டவர் அவர். ராஜாவாகத் தெரிந்தெடுக்கப்பட்ட நாளில் தளவாடங்களுக்குள் ஒளிந்துகொண்டார். அந்தத் தாழ்மை பொய்யென்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ஆனால் அமலேக்கியரோடு நடந்த யுத்தம் முடிந்ததும் கர்மேலுக்குப் போய்த் தமக்கென்று ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டினார். சாமுவேல் வந்து, நீர் உம்முடைய பார்வைக்குச் சிறியவராயிருந்தபோது அல்லவோ தலைவரானீர் என்று கேட்டபோது, முதலில் பழியை ஜனத்தின்மேல் போட்டார். கடைசியில், நான் பாவஞ்செய்தேன், ஆனாலும் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டார். அறிக்கையும் கனத்துக்கான வேண்டுதலும் ஒரே மூச்சில் வந்தன. ஒளிந்துகொண்ட சவுலும் ஸ்தம்பம் நாட்டிய சவுலும் ஒரே மனிதர். தாழ்ந்த இடத்திலிருந்து தெரிந்துகொள்ளப்பட்டது அவரைப் பெருமையிலிருந்து காக்கவில்லை. தாம் சிறியவர் என்ற உணர்வும், பெரியவராகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் ஒரே மனதில் குடியிருக்க முடியும். பெயரிலும் கோத்திரத்திலும் அவரோடு ஒத்திருந்த தர்சு பட்டணத்துச் சவுல் பிற்காலத்தில் பவுலாகி, மேன்மைபாராட்டுதலைப் பற்றி இத்தனை தீவிரமாக எழுதினார்.

ஆனால் கொரிந்தியருக்குப் பவுல் முன்வைத்த முதல் காரணம் சவுலும் அல்ல, கிதியோனும் அல்ல, சிலுவைதான். அதன் அவமானத்தை உணர்வது இன்று நமக்குக் கடினம். நாம் அதைக் கோபுரத்தின் உச்சியில் வைக்கிறோம், கழுத்தில் அணிகிறோம். கி.மு. 63-இல் ரோமச் சொற்பொழிவாளர் சிசரோ நீதிமன்ற உரையொன்றில், சிலுவை என்ற பெயரே ரோமக் குடிமகனின் உடலுக்கு மட்டுமல்ல, அவன் எண்ணத்துக்கும் கண்ணுக்கும் காதுக்கும்கூடத் தொலைவில் இருக்க வேண்டும் என்றார். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை அது. ரோமின் பலத்தீன் குன்றில் ஒரு சுவரில் யாரோ கீறிய படம் 1857-இல் கண்டுபிடிக்கப்பட்டது. கழுதைத் தலையோடு ஒரு மனிதன் சிலுவையில் தொங்க, கீழே இன்னொருவன் கையை உயர்த்தி நிற்கிறான். “அலெக்சாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்” என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. கிறிஸ்தவ விசுவாசம் மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று இல்லை. அடிமையின் சாவைச் செத்தவரே கர்த்தர் என்றால், கொரிந்து கல்லில் பொறித்துவைத்த அளவுகோல் முழுவதும் அங்கேயே முறிந்துபோகிறது. தேவன் அற்பமானவர்களைத் தெரிந்துகொண்டது சிலுவைக்குப் பொருத்தமான தெரிந்துகொள்ளுதல் என்பதுதான் பவுலின் வாதம். இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார் என்று அவர் எழுதவில்லை.

அவர் தம்மையும் அதே அளவுகோலில் நிறுத்துகிறார். பவுல் எளிய பிறப்பினர் அல்லர். ரோமக் குடியுரிமை உள்ளவர், கமாலியேலின் பாதத்தருகே பயின்றவர். அப்படிப்பட்டவர் கொரிந்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு அமர்ந்து கூடாரம் பண்ணிப் பிழைத்தார். கூலிக்கு உடலுழைப்புச் செய்வது சுதந்தரமுள்ள மனிதனுக்குத் தகாது என்று மேல்தட்டு ரோமர் நினைத்த காலம் அது. பணம் படைத்த ஒருவரின் ஆதரவில் தங்கிப் போதித்திருந்தால் கொரிந்தியர் அவரை மதித்திருப்பார்கள், அந்தப் பணக்காரருக்கும் ஊரில் பெயர் கிடைத்திருக்கும். பவுல் அதற்கு இடங்கொடுக்கவில்லை. இரண்டாம் நிருபத்தில், உங்கள் போதகர்களைப் போல நானும் மேன்மைபாராட்ட வேண்டுமானால் இதோ என்று தொடங்கி, அடிபட்டதையும் கப்பற்சேதப்பட்டதையும் பட்டியலிட்டு, கடைசியில் தமஸ்குவில் ஒரு கூடையில் வைத்து மதில் வழியாய் இறக்கிவிடப்பட்டுத் தப்பியதைச் சொல்கிறார். எதிரியின் மதிலில் முதலில் ஏறுகிற வீரனுக்கு ரோமப் படையில் மதில் வடிவப் பொன்முடி சூட்டுவார்கள். ஏறியதைப் புகழ்ந்த உலகத்துக்கு, பவுல் இறங்கியதை எடுத்துக்காட்டுகிறார்.

இவையெல்லாம் நடைமுறையில் எங்கே வந்து சேர்கின்றன என்பதை முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் காட்டுகிறது. கர்த்தருடைய இராப்போஜனம் அப்போது உண்மையான ஒரு விருந்தோடு சேர்ந்து நடந்தது. வசதியான வீடுகளின் சாப்பாட்டு அறையில் மூன்று பக்கமும் மஞ்சங்கள் இருக்கும். சாய்ந்தபடி உண்ண வழக்கமாக ஒன்பது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் முற்றத்தில். வேலை முடித்து வர நேரமாகிற அடிமைகளும் கூலிக்காரர்களும் வந்து சேரும்போது, ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் வெறியாயிருந்தான் என்கிறார் பவுல். ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசன் 1970-களில் எழுதிய கட்டுரைகளுக்குப் பின், இந்தச் சண்டையின் வேர் உபதேசத்தில் அல்ல, சமூக ஏற்றத்தாழ்வில் இருந்தது என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. விருந்தில் ஆளுக்கேற்ப உணவு பரிமாறுவது ரோமரிடையே இருந்த பழக்கம்தான். இளைய பிளினி ஒரு கடிதத்தில், தாம் போன விருந்தொன்றில் வீட்டுக்காரர் தமக்கும் முக்கியமானவர்களுக்கும் ஒரு வகைத் திராட்சரசமும், அடுத்த நிலை நண்பர்களுக்கு வேறொன்றும், விடுதலை பெற்ற அடிமைகளுக்கு மூன்றாவது வகையும் வைத்திருந்ததை அருவருப்போடு விவரிக்கிறார். அந்த நல்ல மனிதர்தான், கி.பி. 112 அளவில் பித்தினியாவின் ஆளுநராக இருந்தபோது, சபையில் ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்ததாகப் பேரரசர் திராயானுக்கு எழுதினார். சமமாகப் பரிமாறத் தெரிந்த பிளினிக்கு, அடிமைப் பெண்கள் ஒரு சபையில் பொறுப்பிலிருப்பதன் பொருள் விளங்கவில்லை. மூடநம்பிக்கை என்பதைத் தவிர வேறொன்றையும் அவர் அங்கே காணவில்லை.

கொரிந்தின் விருந்துக்குப் பவுல் சொன்ன மருந்து ஒரே வரி: போஜனம்பண்ணக் கூடிவருகையில் ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். முற்றத்தில் நிற்பவருக்காக மஞ்சத்தில் இருப்பவர் காத்திருக்க வேண்டும்; தாழ்மை என்பது அங்கே ஒரு மனநிலையாக நின்றுவிடாமல் நேரமாகவும் இடமாகவும் அப்பமாகவும் மாறுகிறது. இந்த அதிகாரம் தமிழ்ச் சபைகளின் வரலாற்றையும் தொடுகிறது. ஆலயத்தில் சாதிவாரியாக உட்காருவதையும், திருவிருந்தில் உயர்சாதியார் முந்திக்கொள்வதையும் மிஷனெரிமார் நீண்டகாலம் சகித்தே வந்தனர். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் இவை ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பலர் சபையை விட்டே விலகினர். தேவன் அற்பமாய் எண்ணப்பட்டவைகளைத் தெரிந்துகொண்டார் என்று தங்கள் சொந்த மொழியிலேயே வாசித்தவர்கள் அவர்கள்.

“உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?” என்று அதே நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார் பவுல். கிருபையைக் குறித்த தம் எண்ணத்தையே மாற்றிய வசனமாகச் சபைப் பிதா அகுஸ்தீன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தது இதைத்தான். கிறிஸ்தவத் தாழ்மை தன்னைத் தானே இழிவாகப் பேசிக்கொள்வதல்ல என்பதை இக்கேள்வி தெளிவாக்குகிறது. திறமை உள்ளவர் இல்லையென்று நடிக்க வேண்டியதில்லை. அது பெறப்பட்டது என்று அறிந்தால் போதும். அதுபோலவே, ஏழைகளைப் பார்த்து, நீங்கள் தாழ்ந்தே இருங்கள், தேவனுக்கு அதுதான் பிரியம் என்று சொல்ல இந்த வசனத்தை எடுப்பது, அது எழுதப்பட்ட நோக்கத்துக்கு நேர் எதிரானது. வெட்கப்படுத்தப்படுவதாக அங்கே சொல்லப்பட்டவர்கள் ஞானிகளும் பலமுள்ளவர்களும்தான்.

நிருபத்தின் முடிவில் பவுல் ஒருவரைப் பேர்சொல்லி உயர்த்துகிறார். அகாயாவின் முதற்பலனான ஸ்தேவானின் வீட்டார் பரிசுத்தவான்களுக்கு ஊழியஞ்செய்யும்படி தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிறார். அவர் வசதியுள்ளவராகவே இருந்திருக்கக்கூடும், ஆனால் பவுல் குறிப்பிடுவது அவர் செய்த ஊழியத்தை மட்டுமே.

கொரிந்து ஒரே நிருபத்தில் திருந்திவிடவில்லை. முதலாம் நூற்றாண்டின் கடைசியில், அங்கே ஒரு சிலர் மூப்பர்களைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ரோமாபுரிச் சபை அவர்களுக்கு நீண்ட கடிதம் ஒன்றை அனுப்பியது. கிளெமெந்து எழுதியதாக அது வழங்குகிறது. பாக்கியவானான பவுலின் நிருபத்தைக் கையில் எடுங்கள், அன்றும் நீங்கள் பிரிந்துதான் நின்றீர்கள் என்று அது நினைவூட்டுகிறது. கிறிஸ்து ஆடம்பரத்தோடு வந்திருக்க முடிந்தும் தாழ்மையோடே வந்தார், அவர் தாழ்மையுள்ளவர்களுக்கே உரியவர் என்று எடுத்துரைக்கிறது. கி.பி. 170 அளவில் கொரிந்தின் பேராயராயிருந்த தியொனீசியு ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி, சபை வரலாற்றாசிரியர் யூசேபியுவின் நூலில் காக்கப்பட்டிருக்கிறது. கிளெமெந்தின் வழியாக வந்த அந்தக் கண்டனக் கடிதத்தைத் தங்கள் சபையில் தொடர்ந்து வாசித்துவருவதாக அவர் அதில் தெரிவிக்கிறார்.